செயாமி மோட்டோகியோ

செயாமி மோட்டோகியோ (ஏறத்தாழ 1363 – 1443) ஜப்பானிய நோ நாடகக் கலைஞரும் நாடகாசிரியரும் அரங்கவியல் நூலாசிரியரும் ஆவார். நோ நாடகத்துக்கு இன்றுள்ள வடிவம் இவராலும் இவருடைய தந்தை கனாமியாலும் அமைந்தது எனக் கருதப்படுகிறது. வாழ்நாள் முழுவதையும் இக்கலைக்கே செலவிட்ட இவர், அதை ஒப்படைக்க எண்ணிய மகனை இழந்தார். எழுபது வயதைக் கடந்த பின் சாடோ தீவுக்கு நாடுகடத்தப்பட்டார். இவருடைய நூல்கள் ஏறத்தாழ ஐந்நூறு ஆண்டுகள் பொதுமக்கள் பார்வைக்கு வராமலேயே இருந்தன.

இளமை

அக்காலத்தில் நோ நாடகம் சாருகாக்கு என்றே அழைக்கப்பட்டது. கோயில் விழாக்களில் ஆட்டம், பாட்டு, நகைச்சுவை, வித்தைகள் ஆகியவற்றை நிகழ்த்திய நாடோடிக் குழுக்களின் கலை அது. நாரா பகுதியில் இயங்கிய அத்தகைய குழு ஒன்றின் தலைவர் கனாமி. குசெமாய் என்னும் ஆட்டத்தின் தாளத்தைத் தன் பாடல்களில் புகுத்திப் புதுமை செய்தவர் அவர்.

1374 அல்லது 1375 ஆம் ஆண்டு கியோட்டோவில் உள்ள இமாகுமானோ என்னுமிடத்தில் கனாமியின் குழு ஆடியது. ஷோகன் அஷிகாகா யோஷிமிட்சு அதனைக் காண வந்திருந்தார். அப்போது செயாமிக்குச் சுமார் 12 வயது. ஷோகனும் பதின்ம வயது இளைஞரே. தந்தையின் கலையும் சிறுவனின் அழகும் ஷோகனைக் கவர்ந்தன. அன்று முதல் அக்குழுவுக்கு அரண்மனை ஆதரவு கிடைத்தது. கவிஞரும் உயர்குடியினருமான நிஜோ யோஷிமோட்டோ சிறுவனுக்கு ஃபுஜிவாக்கா என்ற பெயரைச் சூட்டித் தொடர்கவிதை இயற்றக் கற்பித்தார். நாடோடிக் கலைஞனின் மகனுக்கு அரசவைக் கல்வி கிடைப்பது அந்நாளில் நினைத்துப் பார்க்க முடியாத ஒன்று. 1378 ஆம் ஆண்டு கியோன் திருவிழாவின்போது ஷோகன் அவனைத் தன் அருகில் அமர்த்திக்கொண்டதைக் கண்டு முகம் சுளித்த அரசவையினர் ஒருவர், சாருகாக்கு பிச்சைக்காரர்களின் தொழில் என்று நாட்குறிப்பில் எழுதிவைத்தார்.

1384 ஆம் ஆண்டு சுருகா மாநிலத்துக்கு ஆடச்சென்ற கனாமி அங்கேயே காலமானார். இருபதுகளின் தொடக்கத்திலேயே செயாமி குழுத் தலைவரானார்.

நூல்கள்

1400 ஆம் ஆண்டளவில் ஃபூஷிகாதென் என்னும் நூலின் முதற்பகுதிகளை எழுதி முடித்தார். தந்தையிடம் கற்றவற்றை வழித்தோன்றல்களுக்காகப் பதிவு செய்ததே இந்நூல். இதனை ஒரு தத்துவ நூலாகவே பலர் குறிப்பிடுகின்றனர். ஆனால் படிப்பவருக்கு இது முதலில் ஒரு தொழிற்கையேடாகவே தோன்றும். எதிர்க்குழு முன்னதாக நன்றாக ஆடிவிட்டால் என்ன செய்வது, பார்வையாளர்கள் இன்னும் அமைதியடையாதபோது எவ்வாறு தொடங்குவது, பகல் ஆட்டத்துக்கும் இரவு ஆட்டத்துக்கும் வேறுபாடு என்ன என்பன போன்ற கேள்விகளுக்கு நேரடியாக விடை தருகிறது.

நடிகன் பார்வையாளரிடம் ஏற்படுத்தும் ஈர்ப்பை இந்நூல் மலர் என்று குறிப்பிடுகிறது. ஏழு வயதில் பயிற்சி தொடங்கவேண்டும்; அவ்வயதில் குழந்தையைக் கண்டிக்கக் கூடாது. பன்னிரண்டு வயதுச் சிறுவன் எதைச் செய்தாலும் அழகாக இருக்கும். ஆனால் அது பருவத்தின் மலர், விரைவில் உதிர்ந்துவிடும். பதினேழு வயதில் குரல் உடைந்து, உடல் வளர்ந்து, பார்ப்பவர்கள் சிரிக்கத் தொடங்கும்போது எவன் பயிற்சியைக் கைவிடவில்லையோ அவனுக்கே உண்மையான மலர் வாய்க்கும். ஐம்பதைக் கடந்தவன் பெரும்பாலானவற்றை விட்டுவிட வேண்டும். உண்மையான மலர் உள்ளவனிடம் அப்போதும் அது எஞ்சியிருக்கும். இதற்குச் சான்றாக, இறப்பதற்குச் சில நாட்களுக்கு முன் தன் தந்தை ஆடிய ஆட்டத்தையே காட்டுகிறார். அழகுச் சிறுவனாகப் புகழடைந்த ஒருவர் இவ்வாறு எழுதியது குறிப்பிடத்தக்கது.

1424 ஆம் ஆண்டைச் சேர்ந்த காக்கியோ என்னும் நூலில், நடிகன் தன்னைப் பார்வையாளரின் கண்ணால், முதுகுப்புறம் உட்பட, காணப் பழகவேண்டும் என்கிறார். இந்நூல்கள் அனைத்தும் குடும்ப மறைபொருள்களாகவே எழுதப்பட்டன. எதிராளிக்குத் தெரியாதிருப்பதாலேயே ஒரு நுட்பம் பார்ப்பவரை வியக்கச் செய்கிறது என்பது இவருடைய கருத்து.

நாடகங்கள்

தகாசாகோ, இசுட்சு, அட்சுமோரி, கினுட்டா ஆகியவை இவருடைய புகழ்பெற்ற நாடகங்கள். இவற்றுள் இசுட்சு போன்றவற்றில், பயணியாக வரும் துறவி ஒருவர் ஊர்வாசி ஒருவரைச் சந்திக்கிறார். பழங்கதை ஒன்றைச் சொல்லி மறையும் அவர், பிற்பகுதியில் தம் உண்மை வடிவில் ஆவியாக வந்து வாழ்க்கையை நினைந்து ஆடுகிறார். நிகழ்ச்சியைக் காட்டாமல் அதன் நினைவைக் காட்டும் இவ்வமைப்பைச் செம்மைப்படுத்தியவர் செயாமி. யூகென் எனப்படும் உள்ளடங்கிய அழகே இவற்றின் அடிப்படை.

வீழ்ச்சி

1408 ஆம் ஆண்டு யோஷிமிட்சு இறந்தார். அடுத்து வந்த யோஷிமோச்சி, தெங்காக்கு என்னும் போட்டிக் கலையைச் சேர்ந்த சோவாமியை விரும்பினார். செயாமி அந்தப் போட்டியாளரைக் குறை கூறவில்லை. அவருடைய கலையைப் பாராட்டியே பேசியுள்ளார். 1422 ஆம் ஆண்டளவில் துறவு பூண்டு, குழுவை மகன் மோட்டோமாசாவிடம் ஒப்படைத்தார்.

1429 இல் ஷோகனாகப் பதவியேற்ற யோஷினோரி, செயாமியின் தம்பி மகனான ஒன்னாமியின் ஆதரவாளர். அவ்வாண்டிலேயே செயாமியும் மோட்டோமாசாவும் முன்னாள் பேரரசரின் மாளிகையில் ஆடத் தடை விதிக்கப்பட்டது. அடுத்த ஆண்டு தைகோஜி கோயிலில் அவர்கள் வகித்த இசைத்தலைமைப் பொறுப்பு ஒன்னாமிக்கு மாற்றப்பட்டது. தந்தையின் பேச்சுகளைத் தொகுத்து நூலாக்கிய இன்னொரு மகன் மோட்டோயோஷியும் மேடையை விட்டுத் துறவியானார்.

அத்தொகுப்பில் ஒரு கருத்து வேறுபாடு பதிவாகியுள்ளது. மோட்டோமாசா எழுதிய சுமிடாகாவா, காணாமற்போன மகனைத் தேடி வந்து அவனுடைய கல்லறையைக் காணும் தாயைப் பற்றியது. இறந்த சிறுவனை மேடையில் காட்டாமல் விடுவதே சிறப்பு என்றார் தந்தை. அவ்வாறு தன்னால் ஆட இயலாது என்றார் மகன். 1432 ஆம் ஆண்டு மோட்டோமாசா இசே மாநிலத்தில் இறந்தார். குழந்தையை இழந்த தாயின் நாடகத்தை எழுதிய மகனுக்காகத் தந்தை ஓர் இரங்கல் உரை எழுத நேர்ந்தது. மகன் தன் பாட்டனாரையும் மிஞ்சிய கலைஞன் என்று அதில் குறிப்பிட்டார். 1433 இல் ஒன்னாமி முறைப்படி குழுத் தலைவரானார்.

சாடோ தீவு

1434 ஆம் ஆண்டு, ஜப்பானிய வயதுக் கணக்கின்படி 72 வயதில், செயாமி சாடோ தீவுக்கு அனுப்பப்பட்டார். குற்றம் என்னவென்று எந்த ஆவணமும் கூறவில்லை. மறைநூல்களை ஒன்னாமிக்குத் தர மறுத்ததே காரணம் என்பது ஊகம் மட்டுமே. தீவிலிருந்து மருமகன் கொம்பாரு சென்ச்சிக்குவுக்கு இவர் எழுதிய கடிதம் இன்றும் உள்ளது. தன் மனைவியைப் பராமரிப்பதற்கும் பணம் அனுப்பியதற்கும் நன்றி கூறும் அதே கடிதத்தில், அரக்கர் வேடம் பற்றி மருமகன் கேட்டிருந்த ஐயத்துக்கும் விடை எழுதியுள்ளார். 1436 ஆம் ஆண்டு தீவு வாழ்க்கையைப் பற்றிய கின்தோஷோ என்னும் பாடல் தொகுப்பை இயற்றினார்.

யோஷினோரி 1441 இல் ஒரு விருந்தில் சாருகாக்கு பார்த்துக்கொண்டிருந்தபோது கொலை செய்யப்பட்டார். அதன்பின் செயாமி கியோட்டோ திரும்பினார் என்பது மரபுச் செய்தி. உறுதியான சான்று இல்லை.

நூல்கள் வெளிப்படல்

செயாமியின் நூல்கள் சென்ச்சிக்கு, ஒன்னாமி ஆகிய இருவரின் வழியிலும் படியெடுக்கப்பட்டுப் பாதுகாக்கப்பட்டன. 1909 ஆம் ஆண்டு யோஷிடா தோகோ என்னும் வரலாற்றறிஞர் பதினாறு நூல்களைப் பதிப்பித்தபோதுதான் செயாமி ஒரு சிந்தனையாளராக அறியப்பட்டார். அப்பதிப்புக்கு மூலமாயிருந்த கையெழுத்துப் படி 1923 ஆம் ஆண்டு கான்டோ நிலநடுக்கத்தின் தீயில் அழிந்தது. பதினான்கு ஆண்டுகள் தாமதித்திருந்தால் அப்படியின் பாடம் நமக்குக் கிடைத்திராது.

ஒன்னாமியின் வழிவந்த கான்சே பள்ளி, இன்றைய ஐந்து முதன்மை நடிகர் பள்ளிகளுள் பெரியது. சாடோ தீவில் இன்றும் முப்பதுக்கும் மேற்பட்ட நோ மேடைகள் உள்ளன. இவை செயாமியால் தோன்றியவை எனச் சிலர் எண்ணுவதுண்டு. உண்மையில் 1604 ஆம் ஆண்டு அங்குள்ள சுரங்கங்களை நிருவகிக்க வந்த ஒகுபோ நாகயாசு என்னும் அதிகாரி, சாருகாக்குக் குடும்பத்தில் பிறந்தவர். அவர் தம்முடன் அழைத்துவந்த கலைஞர்கள் மூலமே அங்கு நோ நாடகம் பரவியது.