மண்டை ஓட்டில் பெயர் பெற்ற வெசாலியஸ்

மனித மண்டை ஓட்டைக் கவிழ்த்துப் பார்த்தால், அதன் அடிப்பாகத்தில் பல துவாரங்கள் தெரியும். மூளைக்குப் போகும் ரத்தக் குழாய்களும், மூளையிலிருந்து வரும் நரம்புகளும் இந்தத் துவாரங்கள் வழியாகத்தான் செல்கின்றன.

இவற்றில் ஒன்று மிகச் சிறியது. சிலருக்கு அது இரண்டு பக்கமும் இருக்கும். சிலருக்கு ஒரு பக்கம் மட்டும் இருக்கும். வேறு சிலருக்கு அடியோடு இராது!

இதற்கு வெசாலியஸ் துவாரம் என்று பெயர். 480 ஆண்டுகளுக்கு முன்பே இதைக் கண்டு எழுதி வைத்த மேதையின் பெயர் அது. மனித உடலைப் பற்றிய உண்மையைச் சொன்னதற்காக அவர் பட்ட பாடு கொஞ்சநஞ்சம் அல்ல.

வைத்தியர் பரம்பரை

ஆந்திரியாஸ் வெசாலியஸ் 1514-ம் ஆண்டு டிசம்பர் 31-ந் தேதி பிரஸ்ஸல்ஸ் நகரில் பிறந்தார். பெல்ஜியம் நாட்டின் இன்றைய தலைநகரம் அது.

பாட்டனாரும் கொள்ளுப் பாட்டனாரும் வைத்தியர்கள். தந்தை, சக்கரவர்த்தி 5-ம் சார்லசுக்கு மருந்து தயாரித்துக் கொடுத்தவர். வெசாலியசும் அதே வழியில் போனார். 1533-ல் மருத்துவம் படிக்கப் பாரீஸ் நகருக்குச் சென்றார்.

நாற்காலியில் ஆசிரியர், கத்தியுடன் நாவிதர்

அந்தக் காலத்தில் உடற்கூறு பாடம் நடத்திய விதமே வேறு. ஆசிரியர் உயரமான நாற்காலியில் அமர்ந்து புத்தகத்தைப் படிப்பார். பிரேதத்தை அறுப்பவர் நாவிதர். மாணவர்கள் தூரத்தில் நின்று பார்ப்பார்கள்.

அந்தப் புத்தகம், கேலன் என்ற கிரேக்க வைத்தியர் எழுதியது. கேலன் 2-ம் நூற்றாண்டில் ரோம் நகரில் புகழோடு வாழ்ந்தவர். பெரிய அறிவாளிதான். ஆனால் ரோம் நாட்டில் மனிதப் பிரேதத்தை அறுக்க முடியாது. ஆகவே அவர் குரங்கு, பன்றி, மாடு முதலியவற்றை அறுத்துப் பார்த்தார். அதையே மனிதனுக்கும் பொருத்தி எழுதினார்.

1,300 ஆண்டுகளுக்கு மேல் அந்த எழுத்துதான் வைத்தியர்களுக்கு வேதமாக இருந்தது.

எலும்பு வேட்டை

வெசாலியசுக்குத் தூரத்தில் நின்று பார்ப்பதில் திருப்தி இல்லை. பாரீஸ் இடுகாட்டில் குவிந்து கிடந்த எலும்புகளைத் தேடிப் போனார். மணிக்கணக்காக அங்கேயே இருந்து ஆராய்ந்தார்.

கண்ணைக் கட்டிக் கொண்டு, கையில் கொடுத்த எலும்பைத் தொட்டுப் பார்த்தே அது இன்ன எலும்பு என்று சொல்லும் அளவுக்குத் தேர்ச்சி பெற்றார். இதற்கு நண்பர்களோடு பந்தயமும் கட்டினார்!

1536-ல் போர் மூண்டதால் பாரீசை விட்டு லூவேன் நகருக்குத் திரும்பினார். ஊருக்கு வெளியே தூக்கு மேடையில் ஓர் எலும்புக்கூடு தொங்கியது. இரவில் தனியாக மேலே ஏறி, சங்கிலியில் மாட்டியிருந்த எலும்புகளை எடுத்து வந்தார். எங்கே கிடைத்தது என்று கேட்டவர்களிடம், பாரீசிலிருந்து கொண்டு வந்ததாகச் சொல்லிச் சமாளித்தார்.

22 வயதில் ஆசிரியர்

பிறகு இத்தாலியில் உள்ள பாதுவா சர்வகலாசாலைக்குப் போனார். 1537 டிசம்பர் 5-ந் தேதி டாக்டர் பட்டம் பெற்றார். மறுநாளே அங்கு ஆசிரியராக நியமிக்கப்பட்டார். அப்போது அவருக்கு வயது 22.

நாற்காலியில் உட்கார அவர் மறுத்தார். நாவிதரை விலக்கிவிட்டு, தாமே கத்தியைக் கையில் எடுத்தார். மாணவர்களை அருகில் அழைத்துக் காட்டினார். பாடம் கேட்கக் கூட்டம் திரண்டது.

ஆட்டுத் தலை செய்த மாயம்

மண்டை ஓட்டின் அடியில், மூளைக்குக் கீழே, வலை போல் பின்னிய ரத்தக் குழாய்கள் இருப்பதாகக் கேலன் எழுதியிருந்தார். அதற்கு அற்புத வலை என்று பெயர். மனிதனின் உயிர்ச் சக்தி அந்த வலையில்தான் பக்குவம் அடைகிறது என்று எல்லோரும் நம்பினார்கள்.

வெசாலியசும் நம்பினார். 1538-ல் வெளியிட்ட படத்தில் அந்த வலையை வரைந்தும் காட்டினார்.

ஆனால் எத்தனை மனிதத் தலைகளை அறுத்தாலும் வலை தென்படவில்லை! ஆகவே பாடம் நடத்தும்போது, மனிதத் தலைக்குப் பக்கத்தில் ஓர் ஆட்டுத் தலையையும் வைத்துக் கொள்வார். ஆட்டுக்கும் மாட்டுக்கும் அந்த வலை உண்டு. அதைக் காட்டி மாணவர்களைத் திருப்திப்படுத்துவார்.

இது அவர் மனத்தை உறுத்தியது. 1540-ல் போலோனா நகரில் குரங்கின் எலும்புக்கூட்டையும் மனித எலும்புக்கூட்டையும் அருகருகே வைத்துப் பார்த்தார். முதுகெலும்பில் இருப்பதாகக் கேலன் சொன்ன ஒரு பகுதி குரங்குக்கு இருந்தது, மனிதனுக்கு இல்லை. திரை விலகியது. கேலன் எழுதியது மனித உடலைப் பற்றி அல்ல என்பது தெளிவாகிவிட்டது.

உலகை மாற்றிய புத்தகம்

கண்ணால் கண்டதை மட்டுமே எழுதுவது என்று முடிவு செய்தார். இரவு பகலாக உழைத்து, மனித உடலின் அமைப்பு பற்றி 7 பாகங்கள் கொண்ட பெரிய நூலை எழுதினார். அதில் 200-க்கு மேற்பட்ட படங்கள். படங்களுக்கான மரக் கட்டைகள் ஆல்ப்ஸ் மலையைக் கடந்து சுவிட்சர்லாந்துக்குப் போயின. 1543-ல் பேசல் நகரில் நூல் வெளிவந்தது. அப்போது வெசாலியசுக்கு வயது 28 தான்!

கீழ்த் தாடை இரண்டு எலும்பு என்றார் கேலன். ஒரே எலும்புதான் என்று வெசாலியஸ் காட்டினார். நாயின் மண்டை ஓட்டின் மேல் மனித மண்டை ஓட்டை வைத்துப் படம் போட்டு, வேறுபாட்டை விளக்கினார். அற்புத வலை மனிதனுக்கு இல்லை என்று எழுதினார். ஆட்டுத் தலையைக் காட்டி வந்ததையும் மறைக்காமல் ஒப்புக் கொண்டார்.

எல்லா மனிதர்களின் மண்டையும் ஒரே அச்சில் வார்த்தவை அல்ல என்பதையும் அவர் கவனித்தார். தலைகளின் பல வடிவங்களைப் படத்தில் காட்டினார். அந்தச் சிறு துவாரமும் அவர் கண்ணுக்குத் தப்பவில்லை.

குருவே பகைவர் ஆனார்

பழமைவாதிகள் கொதித்து எழுந்தார்கள். பாரீசில் அவருக்குப் பாடம் சொன்ன சில்வியஸ் என்ற ஆசிரியரே எதிரியானார். 1551-ல் புத்தகம் எழுதி, சீடரைப் பைத்தியக்காரர் என்று ஏசினார். கேலன் காலத்துக்குப் பிறகு மனித உடல் மாறிப் போயிருக்கலாமே தவிர, கேலன் தவறு செய்திருக்க மாட்டார் என்றும் வாதாடினார்!

எதிர்ப்பால் மனம் நொந்த வெசாலியஸ், எழுதி வைத்திருந்த பல குறிப்புகளைத் தீயில் போட்டார். பாதுவாவை விட்டுவிட்டு, 5-ம் சார்லசின் அரண்மனை வைத்தியர் ஆனார். பிறகு அவர் மகன் ஸ்பெயின் மன்னர் 2-ம் பிலிப்பிடமும் பணி செய்தார். ஆனாலும் சொன்னதை மாற்றிக் கொள்ளவில்லை. 1555-ல் தம் நூலைத் திருத்தி மறுபடியும் வெளியிட்டார்.

1564-ல் ஜெருசலம் புனித யாத்திரை சென்றார். திரும்பி வரும் வழியில், கிரேக்க நாட்டைச் சேர்ந்த ஜாகிந்தோஸ் தீவில் உயிர் நீத்தார். 50 வயதுகூட நிறையவில்லை.

சின்னத் துவாரம், பெரிய காரியம்

வெசாலியஸ் துவாரம் வழியாக ஒரு சிறு ரத்தக் குழாய் செல்கிறது. மண்டை ஓட்டுக்கு வெளியே உள்ள ரத்தக் குழாய்களை, மூளையை ஒட்டிய ரத்தக் குழாயோடு அது இணைக்கிறது. பல்லிலோ முகத்திலோ சீழ் பிடித்தால், அந்த விஷம் இந்த வழியாக உள்ளே போய் உயிருக்கே உலை வைக்கக் கூடும். முகத்தில் வரும் பருவையும் கட்டியையும் கிள்ளக் கூடாது என்பதற்கும், சொத்தைப் பல்லை அலட்சியம் செய்யக் கூடாது என்பதற்கும் இப்படிப்பட்ட உள்வழிகளே காரணம்.

முகத்தில் மின்சாரம் பாய்ந்தது போல் வலி தரும் ஒரு நரம்பு நோய் உண்டு. அதற்குக் கன்னத்தின் வழியாக ஊசியைச் செலுத்தி, மண்டை ஓட்டின் அடியில் உள்ள முட்டை வடிவத் துவாரத்துக்குக் கொண்டு போவார்கள். வெசாலியஸ் துவாரம் அதற்குப் பக்கத்திலேயே இருக்கிறது. ஊசி வழி தவறி இதில் நுழைந்தால் ரத்தம் கசியலாம், ஆபத்து நேரலாம்.

ஆகவே மண்டை ஓட்டின் அடியில் கத்தி வைக்கும் முன்பு, டாக்டர்கள் ஸ்கேன் படம் எடுத்துப் பார்க்கிறார்கள். இந்த நோயாளிக்கு எந்தத் துவாரம் எங்கே இருக்கிறது, எது இல்லை என்று தெரிந்து கொள்கிறார்கள்.

புத்தகத்தில் இருப்பதை எல்லா உடலிலும் தேடாதே. எதிரில் இருக்கும் உடலைப் பார் என்பதுதான் வெசாலியஸ் காட்டிய வழி. அவரைப் பைத்தியக்காரர் என்று ஏசியவர்களை உலகம் மறந்துவிட்டது. மருத்துவ மாணவர்களோ இன்றும் மண்டை ஓட்டைக் கையில் எடுத்து, அந்தச் சிறு துவாரத்தைத் தேடி, அவர் பெயரைச் சொல்லிப் படிக்கிறார்கள்.