புக்கிட் தீமா காட்டில் 700 வகை வண்டுகள் - யார் இந்த வாலஸ்?

புக்கிட் தீமா உச்சிக்கு எத்தனை முறை ஏறியிருப்பீங்க? பள்ளியோடு ஒரு தடவை, நண்பர்களோடு ஒரு ஞாயிற்றுக்கிழமை... பியூட்டி வோர்ல்ட் எம்ஆர்டி நிலையத்திலிருந்து நடந்து, அந்தச் செங்குத்தான பாதையில் மூச்சு வாங்கி, உச்சியில் ஒரு படம் எடுத்துவிட்டு இறங்கியிருப்பீங்க. உயரம் 163 மீட்டர்தான். இதெல்லாம் ஒரு மலையா என்று யாராவது கேலிகூடச் செய்திருக்கலாம்.

170 ஆண்டுகளுக்கு முன்பு ஒருவர் அதே குன்றில் நாள்தோறும் ஏறினார். கையில் பூச்சி பிடிக்கும் வலை. உடம்பெல்லாம் வியர்வை. ஏறக்குறைய இரண்டே மாதத்தில் அவர் 700 வகை வண்டுகளைச் சேர்த்துவிட்டார். 700 வண்டுகள் இல்லை, 700 வகை! அதிலும் 130 வகை, நீளமான கொம்பு கொண்ட வண்டுகள். பெரும்பாலும் எல்லாமே இரண்டரைச் சதுர கிலோமீட்டருக்குச் சற்றுக் கூடுதலான ஒரே காட்டுத் துண்டிலிருந்து கிடைத்தவை.

அவர் பெயர் ஆல்ஃபிரட் ரஸ்ஸல் வாலஸ். பாடப்புத்தகத்தில் சார்ல்ஸ் டார்வினுக்குப் பக்கத்தில் ஒரு வரியில் வந்துபோகும் பெயர். அவருடைய கதையில் நம் ஊர்க் குன்றுக்கு எவ்வளவு பெரிய பங்கு இருக்கிறது என்பது பலருக்குத் தெரியாது.

பணக்காரர் இல்லை, பட்டதாரி இல்லை

வாலஸ் 1823ஆம் ஆண்டு வேல்ஸில் பிறந்தார். குடும்பத்தில் பணக் கஷ்டம். 14 வயதிலேயே பள்ளிப் படிப்பு நின்றுபோனது. அண்ணனோடு சேர்ந்து நிலம் அளக்கும் வேலைக்குப் போனார். வேலையே குன்றுகளிலும் வயல்களிலும்தான். அளந்துகொண்டே நடக்கும்போது வழியில் உள்ள செடிகளின் பெயர் என்ன என்று தேட ஆரம்பித்தார்.

1844இல் லெஸ்டர் நகரில் ஆசிரியர் வேலை. அங்குதான் ஹென்றி பேட்ஸ் என்ற இளைஞர் நண்பரானார். பேட்ஸுக்கு வண்டுப் பைத்தியம். அந்த ஊரைச் சுற்றி 16 கிலோமீட்டருக்குள்ளேயே சுமார் ஆயிரம் வகை வண்டுகள் இருக்கலாம் என்று தெரிந்ததும் வாலஸ் ஆடிப்போய்விட்டார். அத்தனை நாள் நடந்த வழியில் இருந்த எதையும் அவர் பார்க்கவே இல்லையே!

1848இல் இருவரும் அமேசான் காட்டுக்குக் கிளம்பினார்கள். பூச்சிகளையும் பறவைகளையும் பிடித்து லண்டனுக்கு அனுப்பி விற்பதுதான் பிழைப்பு. நான்கு ஆண்டுகளுக்குப் பிறகு வாலஸ் ஊர் திரும்பிய கப்பல் நடுக்கடலில் தீப்பிடித்து எரிந்தது. அவர் கூடவே கொண்டுவந்த சேகரிப்பும் குறிப்புகளும் ஏறக்குறைய முழுவதும் போயின. பத்து நாள் திறந்த படகில் தவித்தபின் வேறொரு கப்பல் அவரைக் காப்பாற்றியது.

நீங்களாக இருந்தால் மறுபடியும் கப்பல் ஏறுவீங்களா? இரண்டே ஆண்டில் அவர் ஏறினார். 1854 ஏப்ரலில் சிங்கப்பூரில் வந்து இறங்கினார், கூட சார்ல்ஸ் ஆலன் என்ற பதின்ம வயது உதவியாளர்.

புலிக் குழிகளுக்கு நடுவே ஒரு நாள்

புக்கிட் தீமாவில் இருந்த பிரெஞ்சுப் பாதிரியார் ஒருவர் தங்க இடம் கொடுத்தார். அந்தத் தேவாலயம்தான் இப்போது அப்பர் புக்கிட் தீமா சாலையில் உள்ள செயின்ட் ஜோசஃப் தேவாலயம். இன்று நீங்கள் பார்க்கும் கட்டடம் புதியது.

காலை ஐந்தரைக்கு எழுவார். குளியல், காப்பி. முந்தைய நாள் பிடித்த பூச்சிகளை அடுக்கி வைப்பார். பையன் சார்ல்ஸ் கிழிந்த வலையைத் தைப்பான். எட்டு மணிக்குச் சாப்பாடு, ஒன்பதுக்குக் காடு. பிற்பகல் இரண்டு மூன்று மணிவரை அலைந்துவிட்டு 50, 60 வண்டுகளோடு திரும்புவார். மறுபடியும் குளியல். பிறகு மாலைவரை ஊசி குத்தும் வேலை. இதில் வீரசாகசம் எதுவும் இல்லை. ஒரே குன்று, ஒரே பாதை, தினமும்.

ஆபத்து இருந்தது உண்மை. அப்போது சிங்கப்பூரில் புலிகள் திரிந்தன. காம்பியர் தோட்டங்களில் வேலை செய்த சீனத் தொழிலாளர்கள்தான் அதிகம் பலியானார்கள். சராசரியாக நாளுக்கு ஒருவர் என்று அந்தக் காலத்தில் சொல்லப்பட்டது. புலி பிடிக்க ஆழமான குழிகளை வெட்டி, இலைதழையால் மூடி வைத்திருப்பார்கள். வாலஸுக்குப் புலியைவிட அந்தக் குழிகளில் விழுந்துவிடுவோமோ என்ற பயம்தான் அதிகம் இருந்திருக்க வேண்டும்!

ஆனால் இந்தக் கதையில் ஒரு கசப்பும் இருக்கிறது. அந்தச் சின்ன இடத்தில் அத்தனை வண்டுகள் கிடைத்தது எப்படி? காடு வளமாக இருந்தது ஒரு காரணம். இன்னொரு காரணம், காடு வெட்டப்பட்டுக்கொண்டிருந்தது. சீன மரவெட்டிகள் தினமும் மரங்களைச் சாய்த்து, அங்கேயே பலகையாக அறுத்தார்கள். புதிதாக வெட்டிய மரம், உரிந்த பட்டை, காய்ந்த இலை, மரத்தூள்... வண்டுகளுக்கு இதைவிடப் பெரிய விருந்து உண்டா? காடு அழிந்துகொண்டிருந்த இடத்தில்தான் அவருக்குப் புதையல் கிடைத்தது. இதை அவரே பதிவு செய்திருக்கிறார்.

அந்த மரவெட்டிகளில் ஒருவர் பெயர்கூட நமக்குக் கிடைக்கவில்லை.

லேடாங் மலையில் தாகம்

அதே ஆண்டு மலாக்காவுக்குப் போனார். அங்கிருந்து கூனோங் லேடாங். ஆங்கிலேயர் அதை ஓஃபிர் மலை என்று அழைத்தனர். 1,276 மீட்டர். ஜொகூரில் தங்காக் பக்கம் இருக்கும் அதே மலைதான். இளவரசிக் கதை கேள்விப்பட்டிருப்பீங்க.

மலாய் உதவியாளர்கள் ஆறு பேர் கூட வந்தார்கள். வழியெல்லாம் அட்டைகள். அவர் கழுத்திலேயே ஒன்று ஒட்டிக்கொண்டு இரத்தம் குடித்திருக்கிறது. மேலே, திறந்த பாறைச் சரிவில் தண்ணீர் கிடைக்கவில்லை. நாக்கு வறண்டுபோன நிலையில் குடுவைச் செடிகளைப் பார்த்தார்கள். பூச்சிகளை விழவைத்துத் தின்னும் செடி அது. குடுவைக்குள் மழைத்தண்ணீர், அதில் செத்த பூச்சிகள். என்ன செய்வது? குடித்தார்கள். தண்ணீர் வெதுவெதுப்பாக, குடிக்கும்படியாகவே இருந்ததாம். (நீங்கள் முயற்சி செய்யாதீங்க, தண்ணீர்ப் புட்டி எடுத்துட்டுப் போங்க!)

ஆர்கஸ் என்ற அழகான காட்டுப் பறவையைப் பிடிக்க வேண்டும் என்பது அவர் ஆசை. அதன் குரல் கேட்டது. பறவை கண்ணில் படவே இல்லை. யானைகளும் காண்டாமிருகங்களும் நடமாடியதற்கான அடையாளங்களையும் அங்கே பார்த்தார்.

சரவாக், அலி, ஒரு கடிதம்

அடுத்து சரவாக். அங்கே ஒரு மலை உச்சிக் குடிலில் விளக்கு ஏற்றி வைத்து 26 இரவுகளில் 1,386 அந்துப்பூச்சிகளைப் பிடித்தார். அவற்றில் 800க்கும் மேல் நான்கே இரவுகளில் வந்தவை. எல்லாம் கும்மிருட்டு, கொட்டும் மழை! நிலா வெளிச்சத்தில் சுகமாக நடக்க நினைப்பவர்கள் கவனிக்கவும்.

இன்றைய கண்ணுக்கு உறுத்தும் விஷயமும் உண்டு. வாலஸ் ஓராங் ஊத்தான்களைச் சுட்டார், பல. தாயை இழந்த ஒரு குட்டியை அவரே தூக்கிவந்து, பால் கிடைக்காமல் அரிசிக் கஞ்சி ஊட்டி வளர்த்தார். மூன்று மாதத்தில் அது இறந்தது. அவர் மிகவும் வருந்தினார். அந்தத் தாயைச் சுட்டதும் அவர்தான். இரண்டையும் சேர்த்தே நாம் அவரை நினைவில் வைக்க வேண்டியிருக்கிறது.

சரவாக்கில்தான் அலி வந்து சேர்ந்தார். சமையல் வேலைக்கு வந்த மலாய் இளைஞர். பிறகு பறவைகளைச் சுடவும் தோலுரித்துப் பதப்படுத்தவும் கற்றுக்கொண்டார். வாலஸின் பெயரால் இன்று அறியப்படும் ஒரு சொர்க்கப் பறவையை 1858இல் முதலில் பிடித்துக்கொண்டு வந்தவர் அலிதான். பறவைக்குக் கிடைத்ததோ முதலாளியின் பெயர்!

வாலஸ் பிடித்த உயிரினங்களுக்குச் சீட்டு எழுதி, எந்த இடத்தில் கிடைத்தது என்று குறித்து வைத்தார். நிலம் அளந்தவரின் பழக்கம் அது. அதனால்தான் ஒன்று அவருக்குப் புலப்பட்டது. பாலிக்கும் லொம்போக்கிற்கும் இடையே சுமார் 35 கிலோமீட்டர் கடல்தான். ஆனால் இந்தப் பக்கம் ஆசிய வகைப் பறவைகள், அந்தப் பக்கம் ஆஸ்திரேலிய வகை. அந்த எல்லையைத்தான் இன்று வாலஸ் கோடு என்கிறோம்.

ஒரே வகை வண்டில் பத்து இருபது பிடித்துப் பார்த்தால் இன்னொன்று தெரியும். எதுவும் அச்சு அசலாக ஒன்றுபோல் இருக்காது. அந்தச் சின்ன வேறுபாடுகளில் சூழலுக்குப் பொருந்தியவை பிழைக்கின்றன, மற்றவை அழிகின்றன. 1858 தொடக்கத்தில் தெர்னாத்தே தீவுப் பக்கம் காய்ச்சலில் நடுங்கிக்கொண்டிருந்தபோது இந்த எண்ணம் அவருக்குத் தெளிவானது. எழுதி டார்வினுக்கு அனுப்பினார். டார்வின் இருபது ஆண்டுகளாக மனத்தில் வைத்திருந்ததும் அதேதான்! அந்த ஆண்டு ஜூலை 1ஆம் தேதி லண்டன் லின்னேயன் சங்கத்தில் இருவரின் எழுத்துகளும் ஒன்றாக வாசிக்கப்பட்டன. வாலஸைக் கேட்கவில்லை. கேட்கவும் முடியாது, அவர் இங்கே தீவுகளில் இருந்தார். பின்னாளில் அவர் அதற்காகச் சண்டை போடவில்லை. 1889இல் எழுதிய நூலுக்கே டார்வினிசம் என்றுதான் பெயர் வைத்தார்.

1862இல் சிங்கப்பூரிலிருந்து ஊர் திரும்பினார். எட்டு ஆண்டுகளில் சேர்த்தவை 125,660. அலிக்குப் பணமும் இரண்டு துப்பாக்கிகளும் கொடுத்து விடைபெற்றார். அலியின் ஒரு புகைப்படம் மட்டும் இருக்கிறது, அதுவும் சிங்கப்பூரில் எடுத்தது. 1907இல் தெர்னாத்தேயில் ஒரு அமெரிக்க ஆய்வாளரைச் சந்தித்த முதியவர் ஒருவர், தம்மை அலி வாலஸ் என்று அறிமுகப்படுத்திக்கொண்டாராம். வாலஸ் 1913இல் 90 வயதில் இங்கிலாந்தில் காலமானார்.

அந்தக் குன்று என்ன ஆனது?

வாலஸ் போன பிறகும் புக்கிட் தீமாவைச் சுற்றி மரம் வெட்டுவது நிற்கவில்லை. 1883இல்தான் அது பாதுகாக்கப்பட்ட காடானது. பிறகு பக்கத்திலேயே கருங்கல் குவாரிகள் வந்தன. 1980களில் பிகேஇ விரைவுச்சாலை வந்து, அதை மத்திய நீர்ப்பிடிப்புக் காட்டிலிருந்து துண்டித்தது. 2013இல் சாலைக்கு மேலே விலங்குகளுக்காக இகோ-லிங்க் பாலம் கட்டி இரண்டையும் மீண்டும் இணைத்தார்கள். இப்போது எறும்புத்தின்னிகள் அதில் கடந்து போகின்றன.

வாலஸின் பெயரில் ஒரு நடைபாதை டேரி ஃபார்ம் இயற்கைப் பூங்காவில் இருக்கிறது. அடுத்த முறை உச்சிக்கு அவசரப்படாமல் அந்தப் பக்கம் போங்க. காலை ஒன்பது மணி நல்ல நேரம். விழுந்து கிடக்கும் மரம் எதையாவது கண்டால் பத்து நிமிடம் பக்கத்தில் நின்று பாருங்க. பார்க்க மட்டும்தான். அங்கிருந்து எதையும் எடுத்து வரக்கூடாது. வாலஸே இன்று வலையோடு வந்து நின்றாலும், தேசியப் பூங்காக் கழகத்தின் அனுமதி இல்லாமல் ஒரு வண்டைக்கூடத் தொட முடியாது!