உல்லாஸ்கர் தத்தர்

வங்கத்தில் 1885ஆம் ஆண்டில் பிறந்த உல்லாஸ்கர் தத்தர், அலிப்பூர் வெடிகுண்டு வழக்கில் ஆயுள் தண்டனை பெற்று அந்தமான் செல்லுலார் சிறையை அடைந்தார். அங்கே கைதிகளைச் செக்கிற் பூட்டி, நாளொன்றுக்கு 30 ராத்தல் தேங்காய் எண்ணெய் ஆட்டுவித்தனர். உடல் தாங்குமா, உள்ளம் தாங்குமா என வினவுவார் இலர். 1912இல் வேலை செய்ய மறுத்தவரைக் கைவிலங்கிட்டு நிறுத்தினர். கடுஞ்சுரம் கண்டது, சித்தம் கலங்கிற்று. பின்னர்ச் சென்னை மனநோய் விடுதிக்கு அனுப்பப்பட்டார். 1920இல் விடுதலையுற்று, சிறை வாழ்வை நூலாக எழுதி, 1965இல் மறைந்தார்.

உடலைக் கேளாது வாங்கும் உழைப்பு உள்ளத்தையும் உடைக்கும் என்பதை ஆலையில் உழைத்த நாம் அறிவோம். அன்பர்காள்! இன்று தேகப்பயிற்சி செய்வோருட் பலர் தமக்குத் தாமே சிறைக்காவலர் ஆகின்றனர். பயிற்சிக்கு முன் சிறிது அமர்ந்து மூச்சையும் மூட்டுகளையும் மனத்தையும் நோக்குவோம். தளர்ச்சி கண்டாற் குறைப்போம்; சுரம் கண்டால் ஓய்வோம். நிறுத்தும் உரிமை அவருக்கு இல்லை, நமக்கு உண்டு.