விரல் நுனியில் விளக்கேற்றியவர்

திருவனந்தபுரம் நகருக்குத் தெற்கே, தென்னஞ்சோலைகளின் நடுவே பரந்து கிடக்கிறது வெள்ளாயணி ஏரி. அதன் கரையில் 2009-ஆம் ஆண்டில் ஒரு பயிற்சி நிலையம் தொடங்கப்பட்டது. பார்வையிழந்தவர்களும் வாழ்வில் பெரும் இடர்களைக் கடந்து வந்தவர்களும் பல நாடுகளிலிருந்து அங்கு வந்து, தத்தம் ஊர் திரும்பித் தொண்டாற்றுவதற்கு வேண்டிய பயிற்சியைப் பெறலாயினர். கேரளத்து வீட்டுக் கொல்லைகளில் தானே முளைத்து, உருவில் சிறுத்துக் காரத்தில் மிஞ்சி நிற்கும் காந்தாரி மிளகாயின் பெயரே அந்நிலையத்திற்குச் சூட்டப்பட்டது. அதனை நிறுவிய இருவருள் ஒருவரான சப்ரியே டென்பெர்க்கன் ஜெர்மனியில் பிறந்து, பன்னிரண்டாம் வயதில் பார்வையை இழந்தவர். பல்கலைக்கழக மாணவியாக இருந்தபோதே, 1992-இல், திபெத்திய மொழிக்குப் பிரெயில் எழுத்துமுறை ஒன்றை வகுத்தார். 1998-இல் லாசா நகரில் பார்வையற்ற குழந்தைகளுக்குக் கல்வி தரும் பணியைத் தொடங்கினார். அந்தப் பணியின் தொடர்ச்சியாகவே வெள்ளாயணிக்கு வந்து சேர்ந்தார்.

கண்பார்வையில்லாத ஒரு மாணவி, தம் அறையில் அமர்ந்தபடியே வேற்று நாட்டு மொழி ஒன்றுக்கு எழுத்து வகுக்க முடிந்தது எவ்வாறு? அவருக்கு 168 ஆண்டுகளுக்கு முன்பே, பதினைந்து வயதுச் சிறுவன் ஒருவன், அவனும் பார்வையற்றவன், ஆறே புள்ளிகளைக் கொண்டு ஓர் அடித்தளத்தை அமைத்து வைத்திருந்தான். அவன் பெயர் லூயி பிரெயில்.

சேணப் பட்டறையில்

பாரிஸ் மாநகருக்குக் கிழக்கே சுமார் நாற்பது கிலோமீட்டர் தொலைவில் உள்ளது கூவ்ரே என்னும் சிற்றூர். அங்கே குதிரைச் சேணம் செய்யும் தொழிலாளியான சிமோன் ரெனே பிரெயிலுக்கும் மோனிக் அம்மையாருக்கும் நான்காவது குழந்தையாக 1809 ஜனவரி 4-ஆம் நாள் லூயி பிறந்தான். மூன்று வயதில் ஒரு நாள், தந்தையின் பட்டறைக்குள் தவழ்ந்தும் நடந்தும் சென்ற குழந்தை, தோலில் துளையிடும் குத்தூசியை எடுத்து விளையாடத் தொடங்கியது. கை நழுவியது; கூர்முனை ஒரு கண்ணில் பாய்ந்தது. நச்சுக் கிருமிகளைப் பற்றி மருத்துவ உலகம் அறியாத காலம் அது. புண் சீழ்ப்பிடித்து மற்றக் கண்ணுக்கும் பரவியது. ஐந்து வயது நிறையும் முன்பே இரு கண்களும் முற்றிலும் இருண்டுவிட்டன.

அந்நாளைய ஐரோப்பாவில் ஏழை வீட்டில் கண்ணிழந்த பிள்ளைக்குப் பெரும்பாலும் ஒரே வழிதான் இருந்தது: பிச்சை. லூயியின் பெற்றோர் அதற்கு இணங்கவில்லை. தந்தை அவனுக்குக் கைத்தடி செய்து கொடுத்தார்; சேணத்திற்குக் குஞ்சம் கட்டும் வேலையைப் பழக்கினார்; மரப்பலகையில் ஆணிகளை எழுத்து வடிவில் அறைந்து, அவற்றைத் தடவித் தெரிந்துகொள்ளச் செய்தார் என்றும் கூறுவர். ஊர்ப் பங்குத்தந்தை பாலுய் அவனுக்குத் தனியே பாடம் சொன்னார். பள்ளி ஆசிரியர் பெஷரே மற்றப் பிள்ளைகளோடு அவனையும் வகுப்பில் அமர்த்திக்கொண்டார். கேட்டதெல்லாம் அவன் நெஞ்சில் தங்கியது. ஆயினும் மற்றவர்கள் புத்தகத்தைத் திறக்கும் வேளையில் அவன் கைகட்டி அமர்ந்திருக்க வேண்டியதாயிற்று.

பாரிஸ் பள்ளி

ஊர்ப் பிரபு ஒருவரின் பரிந்துரையால் 1819 பிப்ரவரி 15-ஆம் நாள், பத்து வயது லூயி பாரிஸிலுள்ள பார்வையற்ற இளைஞர்களுக்கான அரசுப் பள்ளியில் சேர்ந்தான். வாலென்டின் ஹாயுய் என்னும் கருணையாளர் தொடங்கிய பள்ளி அது. பாரிஸ் சந்தை ஒன்றில் பார்வையற்றவர்களுக்குக் கேலி உடை அணிவித்து, பெரிய மூக்குக்கண்ணாடி மாட்டி, மக்கள் சிரிப்பதற்காக வாத்தியம் வாசிக்க வைத்ததைக் கண்டு மனம் கொதித்தவர் அவர். 1784-இல், பிச்சையெடுத்துக்கொண்டிருந்த ஓர் இளைஞனைத் தம் முதல் மாணவனாக ஏற்றார். தடித்த காகிதத்தில் எழுத்துகளைப் புடைப்பாக அச்சிட்டு, விரலால் தடவிப் படிக்கும் முறையைக் கண்டவரும் அவரே.

அவரது கருணையில் குறை காண இடமில்லை. ஆனால் அந்த எழுத்துகள் கண்ணுக்காகப் பிறந்தவை. வளைவும் கொக்கியுமாக இருந்த ஒவ்வோர் எழுத்தையும் விரல் சுற்றிச் சுற்றித் தடவி அறிய வேண்டும். சொல் முடிவதற்குள் அதன் தொடக்கம் மறந்துபோகும். புத்தகங்களோ தூக்க முடியாத கனம். எண்ணிக்கையிலும் மிகக் குறைவு. இவற்றைவிடப் பெரிய குறை ஒன்று இருந்தது. அம்முறையில் பார்வையற்றவர் படிக்கலாம். தாமாக எழுத முடியாது. பிறர் கொடுப்பதைப் பெறலாம்; தம் உள்ளத்தில் இருப்பதைத் தம் கையால் எழுதித் திருப்பித் தர வழியில்லை. உதவி செய்தவர்கள் தங்கள் கண்ணுக்கு எது எளிதோ அதையே கொடுத்திருந்தார்கள். அதை நெடுநாள் யாரும் ஒரு குறையாக எண்ணிப் பார்க்கவில்லை.

1821-இல் சார்ல் பார்பியே என்னும் முன்னாள் பீரங்கிப்படை அதிகாரி, தாம் வகுத்த புதிய முறை ஒன்றைப் பள்ளிக்கு அறிமுகம் செய்தார். எழுத்து வடிவங்களுக்குப் பதிலாகப் புள்ளிகள். பன்னிரண்டு வரையிலான புள்ளிகள் இரண்டு வரிசைகளாக நின்று ஓர் ஒலியைக் குறிக்கும். கோடுகளைவிடப் புள்ளிகளை விரல் விரைவில் அறிகிறது என்பதை மாணவர்கள் உடனே உணர்ந்தனர். ஆனால் அம்முறையில் எழுத்துக்கூட்டலுக்கு இடமில்லை, நிறுத்தற்குறி இல்லை, எண் இல்லை, இசைக்குறி இல்லை. ஒரு குறியை அறிய விரலை மேலும் கீழும் நகர்த்தவும் வேண்டியிருந்தது.

பன்னிரண்டு வயது லூயி அதனைச் சீர்திருத்த முற்பட்டான். பகலில் பாடம்; இரவில் படுக்கையறையில் மற்றவர்கள் உறங்கிய பின் காகிதமும் கூர்முனையும். விடுமுறையில் கூவ்ரேக்குச் செல்லும்போதும் இதே வேலைதான். மூன்று ஆண்டுகள் சென்றன. 1824-இல் அவன் வேண்டியது கைகூடியது. அப்போது அவனுக்கு வயது பதினைந்து.

பன்னிரண்டு ஆறாகச் சுருங்கியது: இரண்டு வரிசை, வரிசைக்கு மூன்று புள்ளி. விரல் நுனி அசையாமலே முழுக் குறியும் அதன் கீழ் அடங்கிவிடும். சிறியதுதான், ஆனால் இந்த ஆறு புள்ளிகளைச் சேர்த்தும் விடுத்தும் 63 குறிகளை உண்டாக்கலாம். எழுத்து, எண், நிறுத்தற்குறி, இசை யாவும் அதற்குள் அடங்கும். அமைப்பிலும் ஓர் ஒழுங்கு உண்டு. முதல் பத்து எழுத்துகள் மேலுள்ள நான்கு புள்ளிகளுக்குள்ளேயே அமையும். அடுத்த பத்தும் அவையே. இடப்பக்க அடிப்புள்ளி ஒன்று மட்டும் கூடும். ஒரு பத்தைக் கற்றவன் மற்றொரு பத்தைப் பாதி கற்றவனாகிறான்.

எழுதுவதற்கு வேண்டியவை ஒரு சட்டமும் எழுத்தாணியும்தான். காகிதத்தின் பின்பக்கத்தில் வலமிருந்து இடமாகக் குத்திச் சென்று, தாளைத் திருப்பினால் இடமிருந்து வலமாகப் படிக்கலாம். கண்களைப் பறித்ததும் ஒரு குத்தூசி. எழுத்தைத் தந்ததும் அதே இனத்துக் கருவி. நம் முன்னோர் ஓலையில் எழுதிய எழுத்தாணிக்கும் அது தூரத்து உறவுதான்.

ஆசிரியர்

லூயி பள்ளியைவிட்டுப் போகவில்லை. 1828-இல் அங்கேயே துணையாசிரியரானார். 1833-இல் ஆசிரியர் பதவி பெற்றார். அவரோடு உயர்வு பெற்ற கோத்தியே, கொல்தா என்னும் இருவரும் பார்வையற்றவர்களே, அவருடைய நெருங்கிய நண்பர்கள். இலக்கணம், கணிதம், புவியியல், இசை ஆகியவற்றை லூயி கற்பித்தார். தேவாலயத்தில் ஆர்கன் வாசித்தும் பொருள் ஈட்டினார்.

தம் முறையை விளக்கும் நூலை 1829-இல் வெளியிட்டார். அந்த நூலே ஹாயுயின் பழைய புடைப்பெழுத்தில்தான் அச்சாகவேண்டியிருந்தது; புதிய எழுத்தைப் படிக்கத் தெரிந்தவர்கள் பள்ளிக்கு வெளியே எவரும் இல்லையே! அதன் முன்னுரையில் பார்பியேக்குத் தாம் பட்ட கடனை அவர் மறைக்காமல் எழுதினார். திருத்திய பதிப்பு 1837-இல் வந்தது. அதே ஆண்டில் பள்ளியிலேயே பிரெஞ்சு நாட்டு வரலாறு மூன்று தொகுதிகளாகப் புள்ளி எழுத்தில் அச்சாயிற்று.

மாணவர்கள் அம்முறையை விரும்பி ஏற்றனர். முதல்வர் பின்யே ஆதரவாக இருந்தார். ஆயினும் அரசு அதனை ஏற்கவில்லை. 1840-இல் பின்யே விலக்கப்பட, துஃபோ என்பவர் முதல்வரானார். பார்வையுள்ள ஆசிரியர்களால் படிக்க முடியாத எழுத்து, பார்வையற்றவர்களை உலகிலிருந்து பிரித்துத் தனிக்கூட்டமாக்கிவிடும் என்பது அவர் கருத்து. கொடியவர் அல்லர், தாம் நன்மையே செய்வதாக நம்பியவர். பழைய புத்தகங்கள் எரிக்கப்பட்டன. புள்ளி எழுத்துக்குத் தடை விழுந்தது. வேறொரு வகைப் புடைப்பெழுத்து புகுத்தப்பட்டது. மாணவர்கள் என்ன செய்தனர்? மறைவாக அதிலேயே எழுதினர். மறைவாகவே மூத்தவர்கள் இளையவர்களுக்குக் கற்பித்தனர். ஒரு முறை கட்டளையால் பரவாமல் தேவையால் பரவினால், அதை நிறுத்துவது எளிதன்று.

அந்தக் காலத்தில் லூயி எவரையும் எதிர்த்துக் கிளர்ந்ததாகத் தெரியவில்லை. துஃபோவின் அச்சத்திற்கு விடையாகக் கொள்ளத்தக்க ஒரு வேலையை அவர் முன்னரே செய்து முடித்திருந்தார். பார்வையற்றவர் எழுதுவதைப் பார்வையுள்ளோரும் படிக்க வேண்டும் என்பதற்காக, சாதாரண எழுத்தின் வடிவத்தையே புள்ளிகளால் வரையும் மற்றொரு முறையை 1839-இல் வகுத்தார். அதனை விரைந்து எழுதுவதற்கான பொறியை, பள்ளியின் பழைய மாணவரும் பார்வையற்றவருமான பூக்கோ 1841-இல் செய்தளித்தார். வீட்டை விட்டு வந்த பிள்ளை தாய்க்குத் தன் கையாலேயே கடிதம் எழுதலாம் என்ற நிலை அதனால் வந்தது.

துணைமுதல்வராயிருந்த குவாதே, மாணவர்களின் விருப்பத்தை உணர்ந்து துஃபோவின் மனத்தை மாற்றினார். 1844 பிப்ரவரி 22-இல் பள்ளியின் புதிய கட்டடத் திறப்பு விழாவில், லூயியின் முறை அவையோர் முன் விளக்கப்பட்டுச் செய்தும் காட்டப்பட்டது.

பெட்டி

அதற்குள் லூயியின் உடல் தளர்ந்திருந்தது. பழைய பள்ளிக் கட்டடம் ஈரம் ஊறியது. பிள்ளைகள் பலர் அங்கே நோயுற்றனர். 1835 முதலே அவரைக் காசநோய் பற்றியிருந்தது. சில மாதங்கள் ஊரில் ஓய்வு, பின் மீண்டும் வகுப்பு என்று பதினாறு ஆண்டுகள் கழிந்தன. 1852 ஜனவரி 6-ஆம் நாள், நாற்பத்துமூன்றாம் பிறந்தநாள் கழிந்த இரண்டாம் நாளில், பள்ளி மருத்துவ அறையில் அவர் உயிர் நீங்கியது. பாரிஸ் நாளிதழ்கள் ஒரு வரியும் எழுதவில்லை.

அவர் உயிலில், தம் அறையைப் பெருக்கிய சிறுபணியாளுக்கும், மருத்துவ அறைப் பணியாளுக்கும், இரவுக் காவலருக்கும் சிறு தொகைகள் ஒதுக்கியிருந்தார். திறக்காமல் எரித்துவிட வேண்டும் என்ற குறிப்போடு ஒரு சிறு பெட்டியும் இருந்தது. நண்பர்களால் ஆவலை அடக்க இயலவில்லை; திறந்து பார்த்தனர். உள்ளே இருந்தவை கடன் சீட்டுகள். அவரிடம் கைமாற்று வாங்கிய மாணவர்களும் மற்றவர்களும் எழுதித் தந்தவை. கடன்பட்ட எவரும் தம் மறைவுக்குப் பின் கேட்கப்படலாகாது என்பதே அவர் எண்ணம். பின்னர் அவர் விருப்பப்படி அவை எரிக்கப்பட்டன. கொல்தா இதையும் நினைவுகூர்ந்தார்: தம் ஆர்கன் பணி ஒன்றையே, தம்மினும் வறியவரான ஒருவருக்காக லூயி விட்டுக்கொடுத்திருந்தார்.

அவர் மறைந்து இரண்டாண்டு கழித்து, 1854-இல், பள்ளி அவர் முறையை முறைப்படி ஏற்றது. 1878-இல் பாரிஸில் கூடிய பன்னாட்டு மாநாடு அதனையே உலகுக்குப் பொதுவாகத் தேர்ந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் அமிர்தசரசிலும் பாளையங்கோட்டையிலும் பார்வையற்றோர் பள்ளிகள் தோன்றின. இந்தியாவில் மொழிக்கு ஒன்றும் பள்ளிக்கு ஒன்றுமாக வழங்கிய புள்ளிமுறைகள் பல; அவற்றை ஒன்றாக்கி 1951-இல் பாரதி பிரெயில் வகுக்கப்பட்டது. அதில் ‘அ’வுக்கு இடப்பக்க மேற்புள்ளி ஒன்று, அதனோடு இடப்பக்க அடிப்புள்ளி சேர்ந்தால் ‘க’. தமிழில் அதைத் தடவியறிந்த விரல், மலையாளத்திலும் இந்தியிலும் அதே ‘க’வை அதே இடத்தில் காணும். அவர் பிறந்து இருநூறு ஆண்டுகள் நிறைந்த 2009-இல் இந்திய அரசு அவர் உருவம் பொறித்த இரண்டு ரூபாய் நாணயத்தை வெளியிட்டது.

1952-இல், மறைந்து நூறாண்டுகளுக்குப் பின், நாட்டின் பெருமக்கள் உறங்கும் பாந்தியோன் மண்டபத்திற்கு அவர் உடலை எடுத்துச் செல்லப் பிரான்சு அரசு முடிவு செய்தது. ஊர்வலம் பாரிஸ் வீதிகளில் சென்றது. ஆனால் கூவ்ரே மக்கள் தம் பிள்ளையை முழுவதுமாக அனுப்பிவிடவில்லை. அவருடைய கைகள் இரண்டும் ஒரு சிறு பேழையில் வைக்கப்பட்டு, ஊர்க் கல்லறைத் தோட்டத்தில், அவர் முதலில் அடக்கம் செய்யப்பட்ட அதே இடத்தில் தங்கின.