உமர் (ரலி): வயது கற்றுத் தந்த நிதானம்



வாலிபம் யோசிக்காமல் இறங்கிவிடும். முதுமை யோசித்து யோசித்தே நின்றுவிடும். இதில் எது சரி என்ற வாக்குவாதம் நம் வீடுகளில் தினமும் நடக்கிறது. உமர் (ரலி) அவர்களின் வாழ்வில் மூன்று கட்டங்களைப் பாருங்கள்.

முதல் கட்டம். சுமார் 27 வயது. நபி (ஸல்) அவர்களைக் கொன்றுவிடுவதென்று வாளை எடுத்துக்கொண்டு மக்கா வீதியில் நடக்கிறார். யாரிடமும் ஆலோசனை இல்லை. வழியில் சகோதரி ஃபாத்திமாவின் வீட்டில் தாஹா அத்தியாயத்தின் வசனங்களைப் பார்க்கிறார். உள்ளம் உருகுகிறது. அதே வேகத்தில் இஸ்லாத்தை ஏற்கிறார் என்று சீறா நூல்கள் கூறுகின்றன.

இரண்டாம் கட்டம். கி.பி. 628, ஹுதைபிய்யா. நாற்பதைக் கடந்துவிட்டார், வேகம் குறையவில்லை. சத்தியத்தில் இருக்கும் நாம் ஏன் பணிந்து போக வேண்டும் என்று நபியவர்களிடமே வாதாடினார். ஆனால் அந்த உடன்படிக்கைதான் வெற்றியின் வாசலைத் திறந்தது. அன்று அவசரப்பட்டதற்காகப் பின்னர் நோன்பு நோற்றார், தர்மம் செய்தார், அடிமைகளை விடுதலை செய்தார். தவறிய முடிவை அவர் மறக்கவில்லை, பாடமாக வைத்துக்கொண்டார்.

மூன்றாம் கட்டம். இப்போது அவர் கலீஃபா. ஷாம் நாட்டை நோக்கிப் பயணம். எல்லையில் சர்ஃக் என்ற இடத்தில் அபூ உபைதா (ரலி) உள்ளிட்ட தளபதிகள் எதிரே வந்து, உள்ளே கொள்ளை நோய் பரவியிருப்பதைச் சொல்கிறார்கள். தன் உயிர் மட்டும் என்றால் அந்தப் பழைய உமர் நுழைந்திருப்பார். ஆனால் உடன் வந்த நபித்தோழர்களின் உயிர்கள் அவர் கையில் இருந்தன.

முஹாஜிர்களை அழைத்துக் கேட்டார், கருத்து வேறுபாடு. அன்சாரிகளைக் கேட்டார், அங்கும் அப்படியே. பிறகு குறைஷிகளில் மூத்தவர்களைக் கேட்டார். அவர்கள் ஒரே குரலில் திரும்பிவிடலாம் என்றார்கள். இந்த மூன்று குழுவினரையும் அழைத்து வந்தவர் யார் தெரியுமா? இருபது வயதை ஒட்டிய இப்னு அப்பாஸ் (ரலி). பத்ரில் கலந்துகொண்ட பெரியவர்களோடு அந்த இளைஞரையும் சபையில் அமர்த்தியவர் உமர்.

அல்லாஹ்வின் விதியிலிருந்து ஓடுவதா என்று அபூ உபைதா (ரலி) கேட்டபோது, ஒரு விதியிலிருந்து அல்லாஹ்வின் இன்னொரு விதிக்கே செல்கிறோம் என்று விளக்கினார். ஒட்டகத்தைப் பசுமையான கரையில் மேய்த்தாலும் வறண்ட கரையில் மேய்த்தாலும் இரண்டும் விதிதானே என்றார். பின்னர் அப்துர் ரஹ்மான் பின் அவ்ஃப் (ரலி) வந்து, நோய் பரவிய ஊருக்குள் நுழையாதீர்கள், நீங்கள் இருக்கும் ஊரில் பரவினால் தப்பி வெளியேறாதீர்கள் என்ற நபிவழியை அறிவித்தார். உமர் அல்லாஹ்வைப் புகழ்ந்துவிட்டுத் திரும்பினார். அந்த நோய் ஆயிரக்கணக்கானோரைப் பலிகொண்டது. அபூ உபைதாவும் முஆத் பின் ஜபலும் (ரலி) அதில்தான் மரணித்தார்கள்.

சகோதரர்களே! வயது அவருடைய வீரத்தைப் பறிக்கவில்லை. யாருடைய உயிரைப் பணயம் வைக்கிறோம் என்று கேட்கக் கற்றுக்கொடுத்தது.

இளைஞனே! கடன் வாங்கித் தொழில் தொடங்குமுன், வீட்டை விற்று வெளிநாடு போகுமுன், அந்த முடிவின் சுமையை யார் தூக்கப்போகிறார்கள் என்று பார், மஷூரா செய். பெரியவர்களே! அனுபவம் இருக்கிறது என்பதற்காகப் பிள்ளையின் வாயை அடைக்காதீர்கள். பக்கத்தில் அமர்த்திக் கேளுங்கள். கேட்டு முடிவெடுத்தபின் அல்லாஹ்வின் மீது தவக்குல் வையுங்கள்.

துணிவையும் நிதானத்தையும் வல்ல ரஹ்மான் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக! ஆமீன்.