கல்லுக்குள் மரம் கண்டவர்

விழுப்புரம் மாவட்டத்துத் திருவக்கரையில், மரமென்று எண்ணித் தொட்டால் கல்லாயிருக்கும் அடிமரங்கள் பல கிடக்கின்றன. மண்ணுள் புதைந்த மரத்தில் சிலிக்கா கரைந்த நீர் ஊறி, திசுக்களின் வடிவம் கெடாமலே அதனைக் கல்லாக்கிவிடுகிறது. அத்தகைய கல்லைப் படிப்பதையே வாழ்வாகக் கொண்டவர் பீர்பால் சாகனி.

இன்று பாகிஸ்தானிலுள்ள பேரா என்னும் ஊரில் 1891 நவம்பர் 14 அன்று அவர் பிறந்தார். 1911இல் கேம்பிரிட்ஜ் சென்று, தொல்தாவரவியல் அறிஞர் சீவார்டிடம் பயின்றார். 1919இல் தாயகம் திரும்பி, 1921 முதல் இறுதிவரை லக்னோ பல்கலைக்கழகத் தாவரவியல் துறைக்குத் தலைமை தாங்கினார்.

பசுந்தண்டைச் சவரக்கத்தியால் மெல்லியதாகச் சீவி நுண்ணோக்கியில் காணலாம். கல்லை அவ்வாறு சீவ இயலாது. மதுரையை அடுத்த மேலூர்ப் பகுதியில் கிரானைட்டை அறுத்து மெருகேற்றுவதைக் கண்டவர்களுக்கு இம்முறை எளிதில் விளங்கும். முதலில் கல்லை வில்லையாக அறுத்து, ஒரு முகத்தை வழவழப்பாகத் தேய்ப்பர். அம்முகத்தைக் கண்ணாடித் தகட்டில் பிசின்கொண்டு ஒட்டி, மறுமுகத்தைக் கார்போரண்டம் தூளும் நீரும் இட்டு, ஒளி ஊடுருவும்வரை தேய்ப்பர். பல், எலும்பு ஆகிய கடுந்திசுக்களை ஆராய்வோரும் இவ்வாறு தேய்த்துக் காண்பதுண்டு. சற்றே மிகுதியாகத் தேய்த்துவிட்டால் திசு முழுவதும் தூளாகிவிடும். கோடிக்கணக்கான ஆண்டுகள் அழியாதிருந்த ஒன்று, நொடிப்பொழுதில் கைதவறி மறையக்கூடும்! கிடைத்த மாதிரி ஒன்றே ஒன்றாயின், அது தந்திருக்கக்கூடிய செய்தியும் அதனோடு போய்விடும்.

இராஜ்மகால் மலைப்பகுதியின் நிபானியாவில் தண்டு, இலை, விதை எனத் தனித்தனியே கல்லாய்க் கிடைத்த உறுப்புகளை ஒப்பிட்டு ஆராய்ந்த சாகனி, அவை ஒரே தாவரக் குழுவைச் சார்ந்தவை என 1948இல் நிறுவினார். அதுவே பென்டாக்சிலான். தண்டின் குறுக்குவெட்டில் பெரும்பாலும் ஐந்து கட்டைப் பகுதிகள் காணப்படுவதால் அப்பெயர் பெற்றது. முன்னரே, 1936இல், இலண்டன் ராயல் சொசைட்டி அவரை உறுப்பினராக ஏற்றிருந்தது. பண்டைய இந்தியர் நாணயம் வார்த்த முறை பற்றியும் அவர் நூல் எழுதியுள்ளார் என்பது பலர் அறியாதது.

தொல்தாவரவியலுக்கெனத் தனி நிறுவனம் வேண்டுமென்பது அவரது நெடுநாள் கனவு. 1946இல் அது உருப்பெற்றது. கட்டடத்திற்கு அவர் அமைத்த அடிக்கல்லில் புதைபடிவங்களே பதிக்கப்பட்டிருந்தன. 1949 ஏப்ரல் 3 அன்று பிரதமர் நேரு அதனை நாட்டினார். ஒரு வாரம் கழிவதற்குள் மாரடைப்பால் சாகனி மறைந்தார். அவர் விட்ட பணியைத் துணைவியார் சாவித்திரி சாகனி ஏற்றார். கட்டடம் எழுந்தது, 1953 ஜனவரியில் அதனைத் திறந்துவைக்க நேருவே மீண்டும் லக்னோ வந்தார்.