லாகூரிலிருந்து மியூனிக் வரை: அல்லாமா இக்பாலின் கல்விப் பயணம்

அல்லாமா இக்பால் என்றதும் நமக்கு முதலில் நினைவுக்கு வருவது அவருடைய கவிதைகள்தான். ஆனால் கவிஞராகப் பெயர் வாங்கிய பிறகு, 27 வயதில், மனைவியையும் இரண்டு பிள்ளைகளையும் ஊரில் விட்டுவிட்டு, கைவசம் இருந்த ஆசிரியர் வேலையிலிருந்து விடுப்பு எடுத்து, மறுபடியும் மாணவராகக் கப்பலேறியவர் அவர். அதோடும் நிற்கவில்லை. கேம்பிரிட்ஜில் இரண்டு ஆண்டுகள் பழகியபின், அந்த ஊரையும் விட்டு, மொழியே தெரியாத ஜெர்மனிக்குப் போய் முனைவர் பட்டம் பெற்றார்.

இன்று நம் வீடுகளிலும் இதுதான் நடக்கிறது. வளைகுடாவில் வளர்ந்த பிள்ளை மேல்படிப்புக்காகச் சென்னைக்கோ டெல்லிக்கோ வருகிறது. ஓர் ஊரில் பட்டம் பெற்ற பிள்ளை அடுத்த பட்டத்துக்காக வேறொரு நாட்டுக்குப் பயணப்படுகிறது. எந்தப் பல்கலைக்கழகம், எவ்வளவு கட்டணம், எங்கே தங்குவது என்றெல்லாம் விசாரிக்கிறோம். போகும் பிள்ளை எதைச் சுமந்துகொண்டு போகிறது, எதோடு திரும்பி வரும் என்பதை அவ்வளவாகப் பேசுவதில்லை. இக்பாலின் 1905 முதல் 1908 வரையிலான மூன்று ஆண்டுகள் அதைப் பற்றி நமக்குச் சொல்லும்.

சியால்கோட் தந்த முதலீடு

இக்பால் 1877 நவம்பர் 9 அன்று பஞ்சாபின் சியால்கோட்டில் பிறந்தார். தந்தை ஷேக் நூர் முஹம்மது தையல் தொழில் செய்தவர். பள்ளிக்கூடம் போய்ப் படித்தவர் அல்லர். ஆனால் ஆலிம்களின் சபையில் அமர்ந்து தீனை விளங்கிக்கொண்டவர். மகன் மக்தபில் ஓதினால் போதும் என்றுதான் முதலில் எண்ணியிருந்தார்.

அந்த எண்ணத்தை மாற்றியவர் மௌலவி சையித் மீர் ஹசன். அரபியும் பார்சியும் கரை கண்ட அந்த உஸ்தாத், கிறிஸ்தவ மிஷன் நடத்திய ஸ்காட்ச் மிஷன் பள்ளியில் ஆசிரியராக இருந்தார். மார்க்கக் கல்வியும் புதிய கல்வியும் ஒரு பிள்ளைக்குச் சேர்ந்தே கிடைக்க வேண்டும் என்பது அவருடைய நிலைப்பாடு. இக்பாலுக்கு மொழிச் சுவையை ஊட்டியவர் அவரே.

அங்கிருந்து லாகூர் அரசுக் கல்லூரி. 1897ல் பி.ஏ., 1899ல் தத்துவத்தில் எம்.ஏ. முடித்தார். அங்கே அவருக்குக் கிடைத்த ஆசிரியர் தாமஸ் ஆர்னால்ட். இஸ்லாம் உலகில் பரவிய வரலாற்றை ஆராய்ந்து நூல் எழுதிய ஆங்கிலேயர் இவர். 1904ல் ஆர்னால்ட் இங்கிலாந்து திரும்பினார். அந்தப் பிரிவைத் தாங்காமல் இக்பால் ஒரு கவிதையே எழுதினார். மறு ஆண்டு அவரும் புறப்பட்டுவிட்டார்.

செலவுக்கு? அங்கேதான் அண்ணன் ஷேக் அதா முஹம்மது வருகிறார். ராணுவப் பணித்துறையில் பொறியாளராக இருந்த அவர், தம் சம்பாத்தியத்திலிருந்து தம்பியின் படிப்புக்குப் பணம் அனுப்பினார். ஒரு தையற்காரரின் இளைய மகன் கேம்பிரிட்ஜ் போக முடிந்ததென்றால், அதற்குப் பின்னால் மூத்த மகனின் உழைப்பு இருந்தது. தம்பியின் கட்டணத்துக்காகப் பாலைவன வெயிலில் நிற்கும் அண்ணன்மார் இன்றும் நம் ஊர்களில் உண்டு.

1905 செப்டம்பரில் லாகூரிலிருந்து புறப்பட்ட இக்பால், வழியில் டெல்லியில் இறங்கி ஹஸ்ரத் நிஜாமுத்தீன் அவ்லியா அவர்களின் அடக்கத்தலத்துக்குப் போனார். அங்கே அவர் வேண்டியது ஒரு கவிதையாக இருக்கிறது. பெற்றோரையும் அண்ணனையும் உஸ்தாத் மீர் ஹசனையும் நினைவுகூர்ந்து, அவர்களிடம் நலமாகத் திரும்பிச் சேர வேண்டும் என்று அதில் கேட்கிறார். கப்பலேறும் முன்பே, தான் யார் யாருக்குக் கடன்பட்டவன் என்பதைக் கணக்கிட்டுக்கொண்ட பயணி அவர். பிறகு பம்பாய் சென்று கப்பலேறினார்.

கேம்பிரிட்ஜில் மறுபடியும் மாணவர்

கேம்பிரிட்ஜ் டிரினிட்டி கல்லூரியில் சேர்ந்தபோது இக்பால் ஏற்கனவே எம்.ஏ. பட்டதாரி. லாகூரில் பாடம் நடத்தியவர். ஆனாலும் ஜான் மெக்டகார்ட், ஜேம்ஸ் வார்ட் போன்ற தத்துவப் பேராசிரியர்களுக்கு முன் மாணவராக அமர்ந்தார். அதே காலத்தில் சட்டம் படிக்க லண்டன் லிங்கன்ஸ் இன்னிலும் பதிவு செய்துகொண்டார். அங்கே வழக்கறிஞராக வேண்டுமென்றால் தேர்வு எழுதினால் மட்டும் போதாது. பருவந்தோறும் குறிப்பிட்ட எண்ணிக்கையில் அங்குள்ள விருந்துகளில் கலந்துகொள்ளவும் வேண்டும். ஆகவே கேம்பிரிட்ஜுக்கும் லண்டனுக்கும் போய்வந்து படித்தார்.

இந்தக் காலத்தில்தான் அவருக்கு ஒரு தடுமாற்றமும் வந்தது. கவிதையால் என்ன பயன், அதை விட்டுவிட்டு அந்த நேரத்தை உருப்படியான வேலைக்குச் செலவிடலாமே என்று நினைத்தார். அப்போது லண்டனில் சட்டம் படித்துக்கொண்டிருந்த நண்பர் அப்துல் காதிர் அதை ஏற்கவில்லை. இருவரும் ஆர்னால்டிடம் தீர்ப்புக்குப் போனார்கள். இக்பாலின் கவிதை அவருடைய சமூகத்துக்குப் பயன்படும், அதை விடக் கூடாது என்று ஆசிரியர் சொல்லிவிட்டார். தூர தேசத்தில் பிள்ளைக்கு ஒரு நல்ல நண்பனும் ஒரு நல்ல ஆசிரியரும் இருந்தால் எவ்வளவு பெரிய இழப்பு தடுக்கப்படுகிறது என்பதற்கு இது சான்று.

மொழி தெரியாத ஊரில்

1907ல் கேம்பிரிட்ஜில் பி.ஏ. பட்டம் கிடைத்தது. முனைவர் பட்டம் வேண்டுமென்றால் அங்கே வழியில்லை. அந்தப் பட்டமே அப்போது கேம்பிரிட்ஜில் கிடையாது. முதல் உலகப் போருக்குப் பிறகுதான் அங்கே வந்தது. ஆய்வுப் பட்டத்துக்கு உலக மாணவர்கள் நாடிப் போனது ஜெர்மனியைத்தான். இக்பாலும் அங்கே போகத் தீர்மானித்தார்.

ஆங்கிலம் தெரிந்தவருக்கு இங்கிலாந்து ஓரளவு பழகிய இடம்தான். ஜெர்மனி அப்படி இல்லை. கடைக்காரரிடம் பேசக்கூட மொழி வேண்டும். ஆகவே 1907 கோடையில் நெக்கார் ஆற்றங்கரையில் உள்ள ஹைடெல்பர்க் நகரில் தங்கி ஜெர்மன் கற்றார். எம்மா வேகனாஸ்ட் என்ற ஜெர்மன் பெண்மணியும் அவருக்குப் பாடம் சொன்னவர்களில் ஒருவர். பட்டங்களும் சொந்த நாட்டில் பெரும் புகழும் இருந்தவர், புதிய மொழியின் அரிச்சுவடியைத் தம்மைவிட வயதில் இளையவரிடம் கற்கத் தயங்கவில்லை. நாடு திரும்பிய பிறகும் பல ஆண்டுகள் அந்த ஆசிரியைக்குக் கடிதம் எழுதிவந்தார். அந்த நெக்கார் கரையின் மாலைப் பொழுதைப் பற்றி அவர் எழுதிய சிறு உர்து கவிதை ஒன்று உண்டு. அந்த ஆற்றங்கரையின் ஒரு பகுதி இன்று அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.

மியூனிக் பல்கலைக்கழகத்தில் வழக்கமாகச் சில பருவங்கள் தங்கிப் படித்தாக வேண்டும். இக்பாலுக்கு அதிலிருந்து விலக்கு கிடைத்தது. ஆய்வேட்டை ஆங்கிலத்தில் தரவும் அனுமதி கிடைத்தது. பேராசிரியர் ஃப்ரீட்ரிஷ் ஹொம்மெலின் பொறுப்பில் அது ஏற்கப்பட்டு, 1907 நவம்பர் 4 அன்று முனைவர் பட்டம் வழங்கப்பட்டது.

ஆய்வின் பொருள் பாரசீகத்தில் மெய்யியல் வளர்ந்த வரலாறு. ஜரதுஷ்டிரரிலிருந்து தொடங்கி, இப்னு சீனா, ஷிஹாபுத்தீன் சுஹ்ரவர்தி வழியாக 19ஆம் நூற்றாண்டின் முல்லா ஹாதி சப்ஸவாரி வரை அது நீள்கிறது. இவ்வளவு நெடிய ஆய்வுக்கு அரபியும் பார்சியும் தெரியாமல் முடியாது. ஐரோப்பாவின் பல்கலைக்கழகத்தில் இக்பாலைத் தனித்துக் காட்டியது, சியால்கோட்டில் மீர் ஹசனின் முன் அமர்ந்து கற்றதுதான். 1908ல் நூலாக வந்தபோது அதை ஆர்னால்டுக்குக் காணிக்கையாக்கினார்.

ஐரோப்பாவில் கண்டது

அங்குள்ளவர்களின் உழைப்பும் தேடலும் இக்பாலை ஈர்த்தன. அதே சமயம், நாடுகள் ஒன்றையொன்று பகைத்துப் போட்டியிடுவதையும் அருகிலிருந்து பார்த்தார். நாடு, இனம் என்ற பெயரில் மனிதர்களைப் பிரிக்கும் அந்தப் போக்கு நன்மையில் முடியாது என்ற எண்ணம் அங்கேதான் அவரிடம் வலுத்தது. 1914ல் உலகப் போர் வெடித்தது. பெருங்கவிதைகளுக்குப் பார்சி மொழியைத் தேர்ந்ததும் ஐரோப்பிய நாட்களின் விளைவே. மேற்கே போன மாணவர் அங்கிருந்து கிழக்கின் மொழியோடு திரும்பினார்.

லண்டன் பல்கலைக்கழகத்தில் ஆர்னால்ட் விடுப்பில் இருந்த சில மாதங்கள் அவருக்குப் பதிலாக அரபி கற்பித்தார். 1908 ஜூலையில் வழக்கறிஞராகப் பதிவுபெற்றார். அதே மாதம் லாகூர் வந்து சேர்ந்தார்.

திரும்பி வந்த பின்

பட்டம் வாங்கிவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று நினைக்கிறோம். இக்பாலுக்கு அப்படி ஆகவில்லை. திரும்பிய முதல் ஆண்டுகள் மனக்கசப்பும் குடும்ப நெருக்கடியும் பணக் கவலையும் நிறைந்தவை. அலிகரில் தத்துவப் பேராசிரியர் பதவி வந்தது. ஏற்கவில்லை.  வழக்கறிஞர் தொழிலில் கிடைத்ததைக் கொண்டு வாழ்ந்தபடி எழுதினார். 1915ல் அஸ்ராரே குதி வந்தது. மாணவப் பருவத்து ஆய்வேட்டில் தாம் பாராட்டிய சில தத்துவப் போக்குகளையே இப்போது விமர்சித்தார். பட்டத்தோடு படிப்பு முடிந்துவிட்டதாக அவர் கருதவில்லை.

கடன்பட்டவர்களையும் மறக்கவில்லை. 1914ல் தாய் இமாம் பீபி காலமானபோது எழுதிய இரங்கற்பாவில், தூர தேசத்திலிருந்து தன் கடிதம் வரத் தாமதமானால் தவித்திருந்த அந்தத் தாயை நினைத்து உருகுகிறார். அரசு தமக்கு சர் பட்டம் தர முன்வந்தபோது, முதலில் உஸ்தாத் மீர் ஹசனுக்கு ஷம்சுல் உலமா பட்டம் தர வேண்டும் என்றார். அவர் எழுதிய நூல் என்ன என்று கேட்கப்பட்டபோது, தாமே அந்த உஸ்தாதின் நூல் என்று பதில் சொன்னதாக அறியப்படுகிறது. மீர் ஹசனுக்கு அந்தப் பட்டம் கிடைத்தது.

அந்தக் கல்வியின் பலன் நம் மண்ணுக்கும் வந்தது. வள்ளல் ஜமால் முஹம்மது சாஹிபின் ஆதரவில் தென்னிந்திய முஸ்லிம் கல்விச் சங்கம் அழைக்க, 1929 ஜனவரியில் இக்பால் சென்னை வந்து மூன்று உரைகள் ஆற்றினார். இஸ்லாமியச் சிந்தனையை நவீன அறிவோடு வைத்துப் பேசிய அந்த உரைகள் 1930ல் பிற உரைகளோடு நூலாயின. அதிலுள்ள சில கருத்துகளில் உலமாக்கள் மாறுபடுவதுண்டு. ஆயினும் கேம்பிரிட்ஜிலும் மியூனிக்கிலும் கற்றதைத் தம் சமூகத்தின் முன் கொண்டுவந்து வைத்தார் என்பதில் மாற்றுக் கருத்தில்லை. 1938 ஏப்ரல் 21 அன்று லாகூரில் வஃபாத்தானார்.

பெற்றோர்களே, பிள்ளை வெளியூர் போகும் முன் அதற்கு நாம் தரவேண்டியது பெட்டியும் பணமும் மட்டுமல்ல. சிறு வயதிலேயே ஒரு மீர் ஹசனின் முன் அதை அமரவையுங்கள். இக்பாலுக்கு மியூனிக்கில் கைகொடுத்தது அதுதான். மாணவச் செல்வங்களே, புதிய ஊரில் புதிய மொழியைக் கற்க வெட்கப்படாதீர்கள். கவலை வந்தால் தனியே முடிவெடுக்காமல் ஒரு நண்பரிடமும் ஓர் ஆசிரியரிடமும் பேசுங்கள். வீட்டுக்குக் கடிதம் எழுதும் காலம் போய்விட்டது, ஆனால் உங்கள் அழைப்புக்காகக் காத்திருக்கும் தாய் இன்றும் இருக்கிறார். உங்களுக்காக உழைக்கும் அண்ணனின் பெயர் உங்கள் துஆவில் இருக்கட்டும்.

கல்வி தேடிப் பயணம் போகும் நம் பிள்ளைகளின் ஈமானையும் உடல்நலத்தையும் வல்ல அல்லாஹ் பாதுகாத்து, பயனுள்ள இல்மோடு அவர்களை நம்மிடம் திருப்பித் தருவானாக! ஆமீன்.